விரத இடுப்புக்கு ஒரு படகு

என் கணவர் ஓய்வு பெற்ற மறுவாரமே, ஒரு படகு கட்டப் போகிறேன் என்றார். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. ஓய்வு பெற்ற ஆண்கள் இப்படி எதையாவது சொல்வார்கள், பிறகு அதை மறந்துவிட்டு ஒரு மீன் தொட்டி வாங்குவார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று மீன் தொட்டிகள் இருக்கின்றன.

இவர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் ஏர்கோன் டெக்னீஷியனாக இருந்தவர். மலேசியாவில், தெப்ராவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விடியும் முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், இருட்டிய பிறகுதான் திரும்புவார். சிங்கப்பூருக்குக் கடலைக் கடக்கும் ஜொகூர் பாலத்தில் ஜாம் என்றால் இன்னும் தாமதமாகும். நான் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு கேட் பக்கத்தில் நிற்பேன். அப்போது நானும் செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன், அதில் ஷிப்டு வேறு. ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கோலாலம்பூருக்குக் கட்டிக் கொடுத்ததெல்லாம் இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான். அவர் ஓய்வு பெறட்டும், பேசாமல் விட்டதையெல்லாம் பேசலாம், எங்காவது சேர்ந்து போகலாம் என்று நான் பாட்டுக்கு மனசுக்குள் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அவருடைய திட்டம் வேறாக இருந்தது.

"பாலத்துல மாட்டிக்கிட்டு நிக்கறப்பல்லாம் அந்தத் தண்ணிய மேலேருந்தே பாத்துட்டேன். ஒரு நாளாச்சும் தண்ணிமேல ஒக்காந்து பாக்கணும்" என்றார்.

"அதுக்கு சம்பான் படகு வாடகைக்குக் கெடைக்குமே."

அதெல்லாம் வேண்டாமாம். போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தார். பனிக்கடல் பக்கத்து ஆட்கள் வேட்டைக்குப் போகும் கயாக். மரச்சட்டம் கட்டி, ஆணி அடிக்காமல் நூலால் இறுக்கி, மேலே தோலை இழுத்துத் தைப்பார்கள். எல்லா அளவும் அதில் உட்காரப் போகிறவரின் உடம்பிலிருந்துதான் எடுப்பார்கள்.

"சட்ட மாதிரி போட்டுக்கணும் அத" என்றார்.

சட்டை என்றதும் தையல்காரி தலையை நிமிர்த்தினேன். தொழிற்சாலையை விட்ட பிறகு வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். உடம்பளவு பற்றி என் வீட்டில் ஒருவர் எனக்கே பாடம் எடுப்பது புதிதாக இருந்தது.

"சரி, அதுல நா எங்க ஒக்கார்றது?"

அவர் யோசித்தார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இது ஓராளு படகு லா. அவங்க அப்படித்தான் செய்வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கேட்டருகே நின்றவளுக்கு இனி நிற்பதற்குக் கரையாம். இட்டிலிக்கு அன்று சட்னி மட்டும்தான் வைத்தேன், சாம்பார் கிடையாது. அவருக்கு அது புரியவில்லை. சட்னி நன்றாக இருக்கிறது என்றார்.

அடுத்து விரதம் வந்தது. தைப்பூசத்துக்கு அவர் வருஷா வருஷம் பால்குடம் எடுப்பார். மற்ற விஷயங்களில் எப்படியோ, விரதத்தில் மட்டும் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் மரக்கறி. தரையில் பாய். நல்ல பருமனான மனிதர் அந்த நாட்களில் இளைத்து, கால்சட்டையைப் பெல்டால் சுருக்கிக் கட்டிக்கொண்டு திரிவார். அந்தக் கோலத்தில்தான் ஒரு நாள் காலையில் கார் நிறுத்தும் இடத்தில் நின்று கைகளை விரித்து எதையோ அளந்துகொண்டிருந்தார்.

நான் ஓடினேன். என் தொழிலில் நான் வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு, விரதத்தில் இருப்பவர்களுக்கு அளவெடுப்பதில்லை என்பதுதான். மஞ்சள் ரவிக்கை வேண்டுமென்றால் விரதத்துக்கு முன்னாலேயே வர வேண்டும், இல்லையென்றால் பழைய ரவிக்கையைக் கொண்டுவர வேண்டும். இளைத்த உடம்புக்குத் தைத்துக் கொடுத்தால், பூசம் முடிந்து மறு மாதமே வந்து நிற்பார்கள். "அக்கா, துணி சுருங்கிருச்சு" என்பார்கள். துணிதான் பாவம், எல்லாப் பழியையும் சுமக்கும்.

"என்னங்க, இப்ப அளவெடுக்காதீங்க. வெரதம் முடியட்டும்."

"இப்பதான் எடுக்கணும். இதான் என்னோட உண்மையான ஒடம்பு. மத்ததெல்லாம் சேந்துபோன குப்ப."

"உள்ள கொஞ்சம் துணி பிடிச்சு வைக்கிற மாதிரி, பின்னால பிரிச்சு விடறதுக்கு ஏதாச்சும்?"

"இது என்ன ரவிக்கையா? மரத்த எப்படிப் பிரிச்சு விடறது?"

அதைத்தான் ஐயா நானும் சொல்கிறேன் என்று கரடியாய்க் கத்தினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரித்த கைக்கு மூன்று மடங்கு நீளம், இடுப்போடு இருபக்கமும் ஒவ்வொரு முஷ்டி சேர்த்து அகலம், முஷ்டியில் கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் உயரம். இதுதான் அவர்கள் கணக்காம். இரண்டு முஷ்டி இடம் விட்டிருக்கிறேனே, போதாதா என்றார். அந்த முஷ்டியும் விரதத்தில்தான் இருந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

கார் தெருவுக்குப் போனது. மெராந்தி மரச் சட்டங்கள் உள்ளே வந்தன. இரண்டு நீளச் சட்டங்களை முனையில் சேர்த்துக் கட்டி நடுவில் குறுக்குக் கட்டைகள் பொருத்தியபோது, பெரிய வெண்டைக்காயின் வடிவம் வந்தது. அதற்குக் கீழே விலா எலும்புகள் மாதிரி பிரம்பை வளைத்துச் செருக வேண்டும். பிரம்பு வளைய ஆவி வேண்டும். ஆவிக்கு என்னுடைய பெரிய இட்டிலிப் பானை போனது. பானை மூடியில் ஓட்டை போட்டு, நீளமான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குழாய்க்குள் பிரம்பை வைத்து அடுப்பைப் பற்றவைத்தார். எத்தனை வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தாரோ தெரியாது, நான் பார்த்தவுடன் அது புட்டுக் குழல்.

முதல் பிரம்பை எடுத்து வளைத்தார். டப்பென்று ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. நான் தையல் மெஷினிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதுக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"புட்டுக்கு மேல ஆவி வந்த பெறகுதானே எடுப்பேன்? நீங்க அதுக்கு முன்னாடியே எடுக்கறீங்க. பாதி ஆவி மூடி வழியாவே போவுது."

ஈரத்துணியைத் திரித்து மூடியைச் சுற்றி அடைத்தேன். குழாயின் மறுமுனையில் ஆவி குபுகுபுவென்று வந்தது. அடுத்த பிரம்பு சொன்னபடி வளைந்தது. அவர் என்னைப் பார்த்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பிரம்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் நன்றி அப்படித்தான் வரும்.

அன்று முழுக்க ஆளுக்கொரு முனையைப் பிடித்து வளைத்தோம். உட்காரும் ஓட்டைக்கான வளையத்தையும் கையோடு அதே ஆவியில் வளைத்து, அந்த விரத அளவுக்கே கட்டிவிட்டார். சொன்னால் வெட்கம்தான், எங்களுக்குக் கல்யாணமான பிறகு இவ்வளவு நேரம் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றதே இல்லை. எனக்கு இடமில்லாத படகுக்கு இட்டிலிப் பானையும் கொடுத்து உழைப்பும் கொடுக்கிறேனே என்று ஒரு பக்கம் எரிச்சலாக இருந்தது. இன்னொரு பக்கம், பிரம்பு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

வளைந்த பிரம்புகள் வரிசையாக நிற்பதைத் தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்காரரோ விரதத்தில் இருக்கிறார். கோயிலில் செய்தி பரவிவிட்டது. "இந்த வருசம் பெரிய காவடியாம்ல? தேர்க் காவடி மாதிரி இருக்குன்னு சொன்னாங்க" என்று ஒரு அம்மா என்னிடம் மஞ்சள் பூவெல்லாம் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. முருகன் எதற்குச் சிரிக்க வேண்டுமோ அதற்குச் சிரித்துக்கொள்ளட்டும்.

பூசம் நல்லபடியாக முடிந்தது. பால்குடம் எடுத்தார், விரதத்தை முடித்தார், கறி சாப்பிட்டார். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார்.

ஆனால் இந்த நாட்டில் பெருநாட்கள் நிற்காமல் வருமே. சீனப் பெருநாளுக்கு எதிர்வீட்டு அம்மா தட்டுத் தட்டாக அனுப்பினார். அடுத்து ரமலான் சந்தை. நோன்பு வைத்தவர்கள் சூரியன் மறையக் காத்திருந்தார்கள். இவர் எதற்கும் காத்திருக்கவில்லை, கறி அடைத்த முர்தபா ரொட்டியை வீட்டுக்கு வரும் வழியிலேயே முடித்துவிட்டார். பிறகு நோன்புப் பெருநாள், ஹரிராயா. வேலைக்குப் போன காலத்தில் அவர் வீடு வந்து சேரும்போது எல்லா வீட்டிலும் பாத்திரம் கழுவி முடித்திருப்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து போடும் பகல் நேரத்துத் திறந்த இல்ல உபசரிப்புகள் இப்போதுதான் அவருக்குக் கிடைத்தன. விட்டதையெல்லாம் பிடித்தார். ரெண்டாங் கறி, மூங்கிலில் வெந்த லெமாங் சோறு, கேக், மறுபடியும் ரெண்டாங். நானும் கூடவே போனேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. ஊரில் எங்களை ஜோடியாகப் பார்த்தவர்கள், "ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்களே, அதிசயமா இருக்கு" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் அவர் கால்சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"துணி சுருங்கிருச்சு" என்றார்.

என்னிடம் ரவிக்கை தைத்த எத்தனையோ பேர் சொன்னதுதானே.

இதற்கு நடுவில் படகு வளர்ந்தது. தோலுக்குப் பதில் வெள்ளைக் கித்தான் துணி வாங்கி வந்தார். அதைத் தைக்க வேண்டியவள் நான்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஊசியை என் பக்கம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார், அவ்வளவுதான். துணியை நனைத்து, இழுத்து, சட்டத்தின் முதுகுப் பக்கத்தில் முனையிலிருந்து முனை வரைக்கும் கையால் தைத்தேன். காய்ந்ததும் அது இறுகி, விரலால் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அவர் அதன்மேல் இரண்டு மூன்று பூச்சு அடித்தார். தண்ணீர் புகாது என்றார்.

"ஒரு தடவ உள்ள ஒக்காந்து பாருங்களேன்" என்றேன்.

"பூச போடாம ஒக்காரக் கூடாது."

புதுக் கார் வாங்கினால் தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் ஓட்டுவார். படகும் வண்டிதானே என்பது அவர் வாதம். வாதத்தில் ஒரு குறையும் இல்லை. அளவு பார்க்காமல் பூஜைக்கு நாள் பார்க்கும் ஆட்கள் பனிக்கடல் பக்கம் இருந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பாலத்துப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம், முதலில் பழகிக்கொள்ளலாம் என்று கூலாய்ப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அமைதியான குளம். காரின் தலையில் படகைக் கட்டிக்கொண்டு போனபோது பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துக் கை காட்டினான். என்னவர் அமைச்சர் மாதிரி பதிலுக்குக் கை அசைத்தார்.

கரையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் படகுக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திகைத்தார். சக்கரம் இல்லையே. கடைசியில் படகின் மூக்குக்குக் கீழே வைத்து அழுத்தினார். பழம் நசுங்காமல் நழுவித் தண்ணீரில் மிதந்து போனது. பெரியவர் தூண்டிலை மறந்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழமில்லாத இடத்தில் படகை நிறுத்தி, அதன் முதுகில் உட்கார்ந்து, கால்களை ஓட்டைக்குள் விட்டார். முழங்கால் வரைக்கும் போனது. தொடையில் பாதி போனது. அப்புறம் நின்றுவிட்டது. மூச்சை உள்ளே இழுத்தார், தள்ளினார். வயிறு வளையத்தின் மேல் உப்பிய பூரி மாதிரி நின்றது. இன்னொரு தடவை மூச்சை இழுத்துத் தள்ளியதில் இடுப்பு வசமாக மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. படகு ஒரு பக்கம் சாயத் தொடங்கியது.

"அலமாக்!" என்று பெரியவர் எழுந்து ஓடிவந்தார். நான் ஒரு கை, அவர் ஒரு கையாக இழுத்து என் கணவரை வெளியே எடுத்தோம்.

அவர் புல்லில் போய்ப் படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு விரதம் முழுக்கச் சொல்லும் அளவுக்கு என்னிடம் கிண்டல் சேர்ந்திருந்தது. ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் முகம் அப்படிச் சுண்டிப்போயிருந்தது.

"எல்லாத்தயும் கட்டிட்டேன் லா. ஒக்காரத்தான் முடியல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

எனக்கு அழுகை வந்தது. பாலத்தில் நின்று அவர் பார்த்த தண்ணீரெல்லாம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெரியவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பினி அவாக் முவாட் காலி" என்றார். உங்கள் மனைவி உள்ளே போவார் போலிருக்கே என்கிறார்.

முடியவே முடியாது, எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். ஆனால் என்னவர் திரும்பி என் இடுப்பைப் பார்த்தார். வாடிக்கையாளர் வாசலில் வரும்போதே நான் அளவு பார்ப்பேனே, அந்தப் பார்வை. எழுந்து வந்தார். தன்னுடைய லைஃப் ஜாக்கெட்டை எனக்குப் போட்டு, பட்டிகளை இழுத்து இழுத்துக் கட்டினார்.

கால் போனது. தொடை போனது. இடுப்பு போய் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம்கூட இருந்தது. அவருடைய விரத இடுப்பும் நான் மூன்று வேளையும் சாப்பிட்டு வளர்த்த இடுப்பும் ஒரே அளவு! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இது இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. தையல்காரி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

அவர் முதலில் பின்னால் பிடித்துக்கொண்டே நடந்தார். பிறகு விட்டார். விட்டதை என்னிடம் சொல்லவில்லை. துடுப்பை இப்படியும் அப்படியும் போட்டேன், படகு ஆடியது, நான் கத்தினேன், பிறகு அது ஆடாமல் போக ஆரம்பித்தது. கித்தான் துணிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது என் காலில் தெரிந்தது. நான் தைத்த தையலுக்குள் நானே உட்கார்ந்திருந்தேன். கரையில் குனிந்த செம்பனை மட்டைகளெல்லாம் தலைக்கு மேலே உயரத்தில் இருந்தன. எல்லாம் பெரிதாகவும் நான் மட்டும் சின்னதாகவும் இருந்தேன், அது பயமாக இல்லாமல் நன்றாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் முழங்கால் தண்ணீரில், கையை நெற்றிமேல் வைத்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் நெற்றிமேல் கை. ஓரடி முன்னால் வந்தார், பின்னால் போனார். எனக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரியும். கேட்டருகே நான் நின்ற நிற்பு அது. கொஞ்சம் நிற்கட்டும் என்று இன்னொரு சுற்றுப் போனேன். ஆமாம், வேண்டுமென்றேதான்.

ஆனால் அந்த இரண்டாவது சுற்றில்தான் ஒரு மீன்கொத்தி என் பக்கத்திலேயே தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. "ஏங்க, பாருங்க!" என்று பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் வெறும் தண்ணீர்.

கரைக்கு வந்ததும் அவர் ஆசையாகக் கேட்டார். "தண்ணிமேலேருந்து பாத்தா எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எதயாச்சும் பாத்தா சொல்றதுக்குப் பக்கத்துல ஆளில்ல."

அவர் கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். படகைத் துடைத்துக் காரின் தலையில் கட்டினார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படகில், அவர் கரையில் என்று ஆகிவிட்டது. பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவார், பெரியவரோடு மீனைப் பற்றிப் பேசுவார், நடுநடுவே கடிகாரம் பார்ப்பார். தீபாவளி நெருங்கும்போது ஒரு முடிவோடு வந்தார்.

"வர்ற பூசத்துக்கு வெரதம் இன்னும் கடுமையா இருக்கப் போறேன். உள்ள போயிருவேன், பாரு."

"முருகனுக்கா, படகுக்கா?"

"ரெண்டுக்குந்தான்" என்று அசடு வழிந்தார்.

கோயிலில் இன்னும் பூ கொடுப்பார்கள், அதுவேறு. ஆனால் அவர் உள்ளே போனால் நான் மறுபடியும் கரை.

தீபாவளி வந்தது. ஆட்டுக்கறி, கோழி, முறுக்கு, அதிரசம், வந்தவர்களுக்குப் பரிமாறும் சாக்கில் அவருக்கும் தட்டு நிறைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை, இன்னும் ஏப்பம் நிற்காத வயிற்றோடு அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"எந்திரிங்க. அளவெடுக்கணும்."

"எனக்கா? எதுக்கு?"

"இன்னொரு படகு கட்டணும். பழச நா எடுத்துக்கிட்டேன், அது என்னோடது. ஒங்களுக்கு வேற. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல போலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "பூசம் முடியட்டும். அப்ப எளச்சிருப்பேன்" என்றார், மெல்ல.

"அந்த ஒடம்பு முருகனுக்கு இருக்கட்டும்ங்க. எனக்குக் கூட வர இந்த ஒடம்பு போதும்."

எழுந்து நின்றார். கைகளைத் தூக்கினார். நான் டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தபோது வயிறு இல்லவே இல்லை, அப்படி எக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மூச்ச விடுங்க" என்றேன்.

விட்டார். வந்த அளவோடு நான் இன்னும் இரண்டு முஷ்டி சேர்த்துக்கொண்டேன்.